உள்ளூர் உதாரணம்

786

போடிநாயக்கனூர்
14-6-1981

அன்புள்ள பொன்னுமணிக்கு,

மெஹ்ராஜ் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமா என்று கேட்க மாட்டேன். மதுரையில் டீச்சர் உத்தியோகம் கிடைத்ததும் ஒரு கார்டு போடக்கூடத் தோன்றாதவள் சுகமாகத்தான் இருப்பாள்.

சண்டை முடிந்தது. இனி விஷயம். அத்தா சம்மதித்துவிட்டார்! குரூப் ஒன் பரீட்சைக்கு நானும் விண்ணப்பம் போடுகிறேன். "எழுதிப் பாரும்மா. ஆனா மதுரையில தங்கிப் படிக்கிற சோலியெல்லாம் வேணாம்" என்றார். அதனால் எனக்கு டியூஷனும் நீதான், லைப்ரரியும் நீதான். நான் உனக்குக் கேள்வி அனுப்புவேன், நீ எனக்கு அனுப்பு. பதில் எழுதி, தபாலிலேயே திருத்தி, மதிப்பெண் போட்டுக்கொள்வோம். பூகோளமும் சுற்றுச்சூழலும் நாம் கல்லூரியில் படித்ததுதான் என்று அலட்சியமாக இருக்காதே. அதில்தான் நாம் மற்றவர்களை முந்த வேண்டும்.

பகலில் அத்தா ஏலக்காய் மூட்டை அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் உட்கார்ந்துதான் படிக்கிறேன். பெண்கள் ஏலக்காய் பொறுக்கித் தரம் பிரிக்கும்போது நான் பக்கத்தில் சத்தமாகப் பாறை வகைகளை ஒப்பிப்பேன். நம் கருப்பம்மாள் அக்கா இருக்கிறாளே, நேற்று கேட்டாள்: "ஏத்தா, கல்லுல கூடவா இத்தன சாதி? நம்மளவிட மோசமால்ல இருக்கு!" கிட்டங்கி முழுக்கச் சிரிப்பு. அத்தாகூடச் சிரித்துவிட்டார்.

உனக்கு முதல் கேள்வி: ஜூன் மாதத்தில் மூணாறில் கொட்டுகிற மழை, மலைக்கு இந்தப்பக்கம் இருக்கிற போடிக்கு ஏன் வருவதில்லை? படம் கட்டாயம். படம் இல்லாவிட்டால் பாதி மதிப்பெண் கிடையாது.

உன் அன்புத் தோழி,
மெஹ்ராஜ்

*

உ

மதுரை
28-6-1981

அன்பு மெஹ்ராஜ்,

உன் கடிதத்தை விடுதி வாசலிலேயே நின்று படித்தேன். உன் அத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் சம்மதித்ததைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சண்டையையும் ஏற்றுக்கொள்கிறேன். நான் செய்தது தப்புதான்.

பதில் இணைத்திருக்கிறேன். காற்று மலையின் மேற்கில் ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிட்டு, நம் பக்கம் இறங்கும்போது வறண்டு போவதைப் படமாகப் போட்டிருக்கிறேன். மலை கொஞ்சம் கோணிவிட்டது. கோபிக்காதே. உனக்கு என் கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு மழை தருகிற காற்று எது, அது எங்கிருந்து ஈரத்தை எடுத்து வருகிறது?

போன வாரம் அப்பா ஊரிலிருந்து, சிலமலையிலிருந்து வந்திருந்தார். குரங்கணிக்கு மேலே எங்கள் ஏலத் தோட்டத்தில் புதிதாக ஸ்டோர் கட்டியிருக்கிறாராம். பச்சை ஏலக்காயை இனி வெளியே கொடுக்காமல், அங்கேயே அடுப்பெரித்து உலர்த்திக்கொள்ளலாம். அவருக்கு ஒரே பெருமை. "லீவுக்கு வா ஆத்தா, ஜீப்புல கூட்டிட்டுப் போறேன். மலைச்சாமி ஸ்டோருன்னா இனி போடியே சொல்லும்" என்று தன் பேரைத் தானே சொல்லிக்கொண்டார். டீச்சர் சம்பளம் கைச்செலவுக்கே சரியாகிவிடுகிறது, என் விடுதிப் பணம் இன்னும் அந்தத் தோட்டத்திலிருந்து வருவதுதானே. போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
பொன்னுமணி

*

786

போடி
11-7-1981

அன்புள்ள பொன்னு,

உன் மலை கோணலாக இல்லை, படுத்தே கிடக்கிறது. ஆனாலும் விளக்கம் நன்றாக இருந்ததால் இருபதுக்குப் பதினைந்து.

அம்மா உனக்கு இடியாப்பம் கொடுத்தனுப்ப வேண்டும் என்கிறாள். தபாலில் அனுப்ப வழியிருந்தால் சொல். மஸ்தான் அண்ணன் இப்போது ஜீப்பில் மலைக்கு லோடு ஏற்றப் போய் வருகிறான். உங்கள் ஸ்டோர்க் காயும் எங்கள் கடைக்குத்தான் வருகிறது. நல்ல பச்சை நிறம். அத்தாவுக்கு ரொம்பத் திருப்தி.

அடுத்த கேள்வியைக் கவனமாக எழுது. இது வரும் என்று என் மனம் சொல்கிறது: மலைச்சரிவில் மரங்களை அகற்றுவதால் மண்ணுக்கும் ஓடைகளுக்கும் நேரும் மாற்றங்களை, உங்கள் வட்டாரத்திலிருந்து ஓர் உதாரணத்துடன் விளக்குக.

மெஹ்ராஜ்

*

உ

மதுரை
6-8-1981

அன்பு மெஹ்ராஜ்,

பதில் அனுப்புவதில் தாமதமாகிவிட்டது. பள்ளியில் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை. லீவில் ஊருக்குப் போனேன். தோட்டத்துக்கும் போனேன். மேலே குளிர் தாங்கவில்லை, அட்டைக்கடி வேறு. போடி வழியாகத் திரும்பியும் உன்னைப் பார்க்காமல் வந்துவிட்டேன். கடைசி பஸ்சைப் பிடிக்க வேண்டியிருந்தது.

மலைச்சரிவுக் கேள்விக்குப் பதில் இணைத்திருக்கிறேன். நீலகிரியை உதாரணமாக எடுத்துக்கொண்டேன்.

உனக்குக் கேள்வி: சோலைக்காடு என்றால் என்ன?

பொன்னுமணி

*

786

போடி
20-8-1981

அன்புள்ள பொன்னு,

போடி வழியாகப் போனாய், வீட்டுக்கு வரவில்லை. அம்மா இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை, உன்னை நான்தான் ஏதோ சொல்லிவிட்டேன் என்று!

பதிலில் எல்லாம் சரி. இலையும் சருகும் மழையின் வேகத்தைத் தாங்குவது, வேர் மண்ணைப் பிடித்து வைப்பது, மரம் போனால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலாகவே மண்ணை வாரிக்கொண்டு ஓடுவது என்று நன்றாகவே எழுதியிருக்கிறாய். ஆனால் நீலகிரி ஏன்? கேள்வி 'உங்கள் வட்டாரம்' என்கிறது. சன்னலைத் திறந்தால் எனக்கு மலை தெரிகிறது. நீயோ இப்போதுதான் அதன் உச்சிக்கே போய் வந்தாய். நேரில் பார்த்ததை விட்டுவிட்டுப் புத்தகத்தில் பார்த்ததை எழுதினால் திருத்துபவருக்குத் தெரியாதா? இருபதுக்குப் பத்து. மறுபடி எழுதி அனுப்பு.

மெஹ்ராஜ்

*

உ

மதுரை
9-9-1981

அன்பு மெஹ்ராஜ்,

நம் ஊர் மலையைப் பற்றி எழுதினால் சென்னையில் திருத்துகிறவருக்குப் புரியாது என்று நினைத்தேன். அதுதான் காரணம், வேறொன்றுமில்லை. மறுபடி எழுத இப்போது நேரமில்லை. பத்தே இருக்கட்டும்.

கருப்பம்மாள் அக்காவைக் கேட்டதாகச் சொல்.

பொன்னுமணி

*

போடி
24-11-1981

பொன்னு,

மூன்று நாள் விடாத மழை. வெள்ளிக்கிழமை விடியும்போது எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் ஓடை உடைத்துக்கொண்டது. தண்ணீர் என்று சொல்ல முடியாது. சேறும் கல்லும் மரமுமாக வந்தது. கிட்டங்கிச் சுவர் விழுந்து அம்மாவுக்கு இடுப்பில் அடி. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள்.

கருப்பம்மாள் அக்கா போய்விட்டாள்.

அவள் குடிசை ஓடைக்கரையில்தான் என்பது உனக்குத் தெரியும். பிள்ளைகளை மேட்டில் ஏற்றிவிட்டு, ஆட்டை அவிழ்க்கத் திரும்பப் போயிருக்கிறாள். மறுநாள் மத்தியானம் கீழே தோப்பில் கிடைத்தாள். நான் பார்த்தேன். பார்க்காதே என்று அத்தா சொன்னார், கேட்காமல் போய்ப் பார்த்தேன்.

நம் பக்கத்து ஓடை இப்படி வந்து யாரும் பார்த்ததில்லை என்கிறார்கள். வந்த மரமெல்லாம் வேரோடு சாய்ந்தது இல்லை. ரம்பத்தால் அறுத்தது.

இன்றைக்குக் கேள்வி இல்லை.

மெஹ்ராஜ்

*

மதுரை
28-11-1981

மெஹ்ராஜ்,

என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுதுகிறேன். அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்? கருப்பம்மாள் அக்காவின் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

அந்த ஓடை பிறக்கிற தலைப்பு எங்கள் தோட்டம். ஜூலையில் நான் போனபோதே பார்த்தேன். நாம் கல்லூரியில் இருந்தபோது உன்னையும் கூட்டிப் போகிறேன் என்று சொன்னேனே, வெயிலே விழாத அந்தச் சரிவு, அது மொட்டையாகக் கிடந்தது. ஸ்டோர் அடுப்புக்கு விறகு. எரிக்காத துண்டுகளை ஓடைப் பள்ளத்திலேயே அடுக்கியிருந்தார்கள். அப்பாவிடம் கேட்டேன். "காயி காய வேணாமா? அந்த அடுப்பு எரிஞ்சாத்தான் ஒனக்கு ஆஸ்டல் பீசு" என்றார். இறங்கி வந்து, போடியில் உன் தெரு முனை வரை நடந்தேன். உன் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிவிட்டேன். கடைசி பஸ் என்றது பொய்.

உன் கேள்விக்கு நான் நீலகிரியை எழுதியது இதனால்தான். என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

பொன்னுமணி

*

786

போடி
7-12-1981

அன்புள்ள பொன்னு,

அம்மா எழுந்து உட்காருகிறாள்.

நீ எழுதியதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும். மஸ்தான் அண்ணன் அந்தச் சரிவைத் தாண்டித்தானே லோடு ஏற்றி வந்தான். வெள்ளத்துக்குப் பிறகு அவனே அழுதுகொண்டு சொன்னான். உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. அந்தக் காயை வாங்கியது என் அத்தா. "பச்சை மாறாத காயி" என்று மகிழ்ந்து வாங்கினார். பொறுக்கியது கருப்பம்மாள். பக்கத்தில் உட்கார்ந்து மண் அரிப்பைப் படித்தவள் நான். வெட்கம் உனக்கு மட்டும் சொந்தமில்லை.

அழுது முடித்துவிட்டு ஒரு வேலை செய்கிறேன். எங்கள் தெருக்காரர்கள் சார்பில் மனு எழுதித் தாலுகா ஆபீசில் கொடுத்தேன். எல்லாம் இயற்கைச் சீற்றம் என்று எழுதி முடிக்கப் பார்த்தார்கள். விட மாட்டோம் என்றதும் விசாரணை வைத்திருக்கிறார்கள். ஜனவரி பத்தொன்பதாம் தேதி.

ஆமாம், அன்றைக்குத்தான் பூகோளப் பரீட்சை. மனுதாரர் நேரில் வர வேண்டுமாம். கருப்பம்மாளின் புருஷன் திருப்பதி, "நீ வராட்டி நாங்க யாருகிட்ட என்னன்னு பேசுவோம்த்தா?" என்றான். நான் பரீட்சைக்கு வரவில்லை. அத்தாவிடம் சொல்லிவிட்டேன்.

நீ போய் எழுது. உன்னை விசாரணைக்குக் கூப்பிடவில்லை. ஆனால் அந்தச் சரிவு முன்பு எப்படி இருந்தது, ஜூலையில் எப்படி இருந்தது என்று இரண்டையும் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் தோட்டத்து ஆட்களும் நீயும்தான். ஆட்கள் வேலை போய்விடும் என்று வாயே திறக்கவில்லை. மஸ்தான் பார்த்தது வெட்டிய பிறகுதான். நீ பார்த்ததை ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு. உன் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். சரிவைப் பற்றி மட்டும் எழுது.

கேட்கிற நானும் கஷ்டப்பட்டுத்தான் கேட்கிறேன் பொன்னு.

மெஹ்ராஜ்

*

உ

மதுரை
15-12-1981

அன்பு மெஹ்ராஜ்,

அனுப்புகிறேன். பொங்கலுக்கு முன் உன் கையில் இருக்கும். சத்தியம்.

நீ பரீட்சையை விட்டுவிட்டாய் என்பதை நம்ப முடியவில்லை. நம் இருவரில் தேறக்கூடியவள் நீதான். அதை நான் எப்போதும் அறிவேன்.

உன்,
பொன்னுமணி

*

786

போடி
23-1-1982

பொன்னுமணிக்கு,

பொங்கல் வரை பார்த்தேன். பதினெட்டாம் தேதி சாயங்காலம் வரை தபால்காரரைப் பார்த்தேன். விசாரணை அன்று காலையிலும் மஸ்தானைத் தபாலாபீசுக்கு அனுப்பினேன்.

விசாரணை நடந்தது. உன் அப்பாவும் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, கூட ஒரு வக்கீல். அந்தச் சரிவில் எப்போதுமே புல்தான் இருந்தது, மரம் வேறு யாரோ வெட்டியது என்றார் வக்கீல். அதிகாரி என்னைப் பார்த்து, "நீ பார்த்தியாம்மா?" என்றார். நான் மேலே போனதே இல்லையே. "பார்த்தவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்றார். திருப்பதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். போன பருவத்தில் அந்த ஸ்டோரிலிருந்து எங்கள் கடைக்கு எவ்வளவு காய் வந்தது என்று சொன்னேன். அவ்வளவு காயை உலர்த்த எவ்வளவு விறகு எரியும் என்று மலையில் யாரைக் கேட்டாலும் தெரியும் என்றேன். "அப்படின்னா ஒங்க அத்தாவும் அதுல சம்பாதிச்சாருல்ல?" என்று வக்கீல் கேட்டார். "ஆமா" என்றேன். அத்தா பின்னால் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். அடுத்த நாள், "நீ சொன்னது நெசந்தானே" என்று மட்டும் சொன்னார். மலைத் தோட்டக்காரர்கள் யாரும் இப்போது எங்கள் கடைக்குக் காய் போடுவதில்லை.

போதிய சாட்சி இல்லை என்று முடித்துவிட்டார்கள். இயற்கைச் சீற்றம்தான்.

உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? அப்படியாவது இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். என்ன ஆனது என்று எழுது.

மெஹ்ராஜ்

*

மதுரை
2-2-1982

மெஹ்ராஜ்,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

எழுதினேன். உறையிலும் போட்டுவிட்டேன். தபாலாபீசுக்குக் கிளம்பிய அன்று விடுதி வாசலில் அப்பா நிற்கிறார். கையில் அம்மா கொடுத்துவிட்ட அதிரசம். "நல்லா எழுது ஆத்தா. ஊருல அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லிட்டேன், எம்மக ஆபீசராகப் போறான்னு" என்றார். மனுவைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. உறை என் கைப்பையில் இருந்தது. அவரை பஸ் ஏற்றிவிட்டு அறைக்குத் திரும்பினேன்.

அவர் மேல் பழியைப் போடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. அதற்கு முன்பே நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். வழக்கு என்று வந்தால் சர்வீஸ் கமிஷனில் விசாரிப்பார்களே, பேர் கெட்டுப்போகுமே, வேலை கிடைக்காமல் போகுமே என்றுதான் ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டேன். கருப்பம்மாள் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

இன்னொன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என்னால் உன் பேரைக்கூட நினைக்க முடியாது. பத்தொன்பதாம் தேதி, நீ அங்கே நின்றுகொண்டிருந்த அதே காலையில், இங்கே வினாத்தாளில் உன் மலைச்சரிவுக் கேள்வி வந்தது. கிட்டத்தட்ட உன் வார்த்தைகளே. நான் நம் மலையை எழுதினேன். குரங்கணிக்கு மேலே அந்தச் சரிவை, மரம் இருந்தபோதும் இல்லாதபோதும், பள்ளத்தில் அடுக்கிய துண்டுகளை, ஓடை வந்த வழியை, ஒரு பெண் செத்ததைக்கூட எழுதினேன். படமும் போட்டேன். கை நிற்கவே இல்லை. விடைத்தாளில் பேர் எழுதக் கூடாது, வெறும் எண்தானே. அதனால் தைரியமாக எழுதினேன்.

மணி அடித்துத் தாளை வாங்கிக்கொண்டு போனபோதுதான் என்ன செய்திருக்கிறேன் என்று புரிந்தது. உனக்கும் திருப்பதிக்கும் தர மறுத்ததை மதிப்பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மன்னிப்புக் கேட்டால் அதுவும் ஏதோ வாங்கிக்கொள்வது போலிருக்கிறது. கேட்கவில்லை.

பொன்னுமணி

*

சென்னை
18-4-1983

அன்பு மெஹ்ராஜ்,

உன் பதில் வராமலே நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முந்தையவை கிடைத்தனவா என்று தெரியாது. கிடைத்திருக்கும்தான். போடித் தபால்காரர் அப்படியெல்லாம் தொலைக்கிறவர் இல்லை.

நான் தேறிவிட்டேன். துணை ஆட்சியர் பயிற்சிக்கு வந்திருக்கிறேன். பூகோளத்தில்தான் அதிக மதிப்பெண். சிலமலையில் அப்பா பந்தல் போட்டு ஊருக்கே சாப்பாடு போட்டார். எனக்கு மாலை போட்டு நடுவில் உட்கார வைத்தார்கள். சோலையம்மாள் அத்தை ஆரத்தி எடுத்தாள். குனிந்த என் தலை நிமிரவில்லை. பொண்ணுக்கு எவ்வளவு அடக்கம் பாரு என்று பேசிக்கொண்டார்கள்.

நீ அடுத்த பரீட்சை எழுது. என்னிடம் இருக்கும் புத்தகங்களை எல்லாம் அனுப்புகிறேன். கேள்விகள் அனுப்புகிறேன். உன் அத்தா வேண்டாம் என்றால் நானே வந்து பேசுகிறேன். அம்மாவுக்கு நடக்க முடிகிறதா? திருப்பதியின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா?

ஒரு வரி போதும். திட்டினாலும் போதும்.

என்றும் உன்,
பொன்னுமணி

*

அனுப்புநர்:
நூ. மெஹ்ராஜ்,
த/பெ நூர் முகம்மது,
போடிநாயக்கனூர், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்.

நாள்: 3-9-1985

மதிப்பிற்குரிய அம்மையீர்,

பொருள்: மலைச்சரிவில் மரம் வெட்டுவதைத் தடுக்கக் கோருதல்.

இக்கோட்டத்தின் பொறுப்பைத் தாங்கள் ஏற்றிருப்பதை அறிந்து, எங்கள் தெருவாசிகள் சார்பில் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறேன்.

1981 நவம்பரில் எங்கள் தெருவை ஒட்டிய ஓடை பெருகியதில் கருப்பம்மாள் என்னும் கூலித் தொழிலாளி உயிரிழந்தார். பலர் காயமுற்றனர். அவ்வோடையின் தலைப்பில், குரங்கணிக்கு மேலே, சிலமலை மலைச்சாமி என்பவரது தோட்டத்தில் எஞ்சியிருந்த வடக்குச் சரிவிலும் கடந்த மாதம் முதல் மரங்கள் வெட்டப்பட்டு வருகின்றன. வெட்டிய துண்டுகள் முன்போலவே ஓடைப் பள்ளத்தில் அடுக்கப்படுகின்றன. இன்னும் சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். ஓடைக்கரையில் இப்போதும் மக்கள் குடியிருக்கிறார்கள். இறந்தவரின் கணவர் திருப்பதியும் பிள்ளைகளும் அவர்களில் அடங்குவர்.

ஆகவே மரம் வெட்டுவதை உடனே நிறுத்தவும், பள்ளத்தில் உள்ள துண்டுகளை மழைக்கு முன் அகற்றவும் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மேற்படி சரிவு முன்பு எப்படி இருந்தது என்பதைத் தாங்கள் நேரில் பார்த்திருப்பதால், அதற்கு வேறு சாட்சி இணைக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நூ. மெஹ்ராஜ்